கேட்டலும் புணர்ச்சியும்: ஆங்கிலச் செவிப்பயிற்சி பற்றியதொரு மதிப்பீடு

கல்விக்கு வாயில்கள் கண்ணுஞ் செவியும் என இரண்டாயினும், பண்டைத் தமிழர் செவிக்குச் சிறப்பிடம் வழங்கினர். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்தமையும், ஆசிரியன்பாற் பாடங் கேட்கும் முறையை நன்னூற் பொதுப்பாயிரம் விரித்துரைத்தமையும் இதற்குச் சான்றாகும். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே ஆண்டுதோறும் புராணபடனங் கேட்டு வந்த முதியோர் பலர், ஏட்டை எடுத்து வாசிக்கும் ஆற்றல் இல்லாதவராயிருந்தும், கந்தபுராணத்தின் கதையையும் பொருளையும் பிறர்க்கு எடுத்துச் சொல்லவல்லவராயிருந்தனர். இத்தகைய கேள்விமரபில் வந்த மாணாக்கர், ஆங்கிலத்தைக் கற்கப் புகுங்கால் மாத்திரம் கண்ணொன்றையே கருவியாகக் கொள்வது வியப்பிற்குரியது.

இதனால் விளையுங் கேடு சிறிதன்று. கிராமத்துப் பாடசாலையொன்றிலே தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் பயின்று, உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெற்று, மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ செல்லும் மாணாக்கன் ஒருவனை எண்ணுக. அங்கு விரிவுரைகள் ஆங்கிலத்திலே நிகழ்கின்றன. பாடநூலை விரித்தால், அகராதியின் துணைகொண்டேனும் அவனுக்குப் பொருள் புலனாகின்றது. விரிவுரையாளர் வாய்திறந்தவுடனோ, தனக்கு நன்கு தெரிந்த சொற்களுந் தெரியாத சொற்களாகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஓர் ஓசைவெள்ளமாய் ஓடி மறைகின்றன. எழுத்திற் கண்டால் உடனே இனங்காணத்தக்க சொல்லை ஒலியிற் கேட்டவிடத்து அவனால் இனங்காண முடிவதில்லை. அறிவிற் குறைவில்லாத அவன் தன்னை அறிவிலி என்று கருதித் தளர்கின்றான். இத்தளர்ச்சிக்குக் காரணம் யாது, அதனைப் போக்குதற்கெனச் சொல்லப்படும் வழிகள் எத்துணைப் பொருத்தமுடையன என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

இந்நிலை தோன்றிய வரலாறு நீண்டதன்று. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியை நிறுவிய காலந்தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஆங்கிலக் கல்லூரிகளிற் பயின்றோர் அம்மொழியை ஒரு பாடமாக மாத்திரம் பயிலவில்லை. கணிதமும் சரித்திரமும் பூகோளமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டமையால், அவர் செவிகளில் அம்மொழி நாள்முழுதும் ஒலித்தது. அப்பேறு கட்டணஞ் செலுத்தவல்ல சிலர்க்கே கிட்டியது என்பது அக்கல்விமுறையின் பெருங்குறை. 1945ஆம் ஆண்டில் இலவசக்கல்வி நடைமுறைக்கு வந்ததும், தாய்மொழி போதனாமொழியாகித் தொடக்க வகுப்புகளிலிருந்து இடைநிலை வகுப்புகளுக்குப் படிப்படியாக விரிந்ததும் அக்குறையைக் களைந்தன. அம்மாற்றம் நீதியானதென்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனால் ஆங்கிலம் ஒரு பாடவேளைக்குள் ஒடுங்கியபொழுது, முன்னர்ப் பிற பாடங்களின் வாயிலாகத் தானாகவே கிடைத்துவந்த கேள்வி இல்லாதொழிந்தது. இழந்த அக்கேள்விக்கு ஈடாக எதனைக் கொடுப்பதென்பது போதியவாறு சிந்திக்கப்படவில்லை. பரீட்சைகள் எழுத்துப் பரீட்சைகளாகவே அமைந்தமையின், சோதிக்கப்படாத திறன் கற்பிக்கப்படாத திறனாயிற்று.

ஆங்கிலத்தைப் பிறமொழியாளர்க்குக் கற்பித்தல் பற்றி எழுதியோருள் இருவர் கருத்துகள் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன. டாக்காவில் ஆசிரிய கலாசாலையிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற், வங்காளத்து மாணாக்கரை ஆராய்ந்து 1926ஆம் ஆண்டில் இருமொழிக் கல்வி பற்றிய தம் நூலை வெளியிட்டார். பலர் இடையிலேயே பாடசாலையை விட்டு நீங்குகின்றனராதலின், எந்நிலையில் நீங்கினும் கைப்பயனாக எஞ்சி நிற்பது வாசிப்புத்திறனே என்றும், ஆகவே அதற்கே முதன்மை தரல்வேண்டும் என்றும் அவர் கொண்டார். 1922ஆம் ஆண்டில் யப்பானிய கல்வியமைச்சின் ஆலோசகராகத் தோக்கியோ சென்ற ஹரோல்ட் பாமரோ மறுதலைப்பட்ட கொள்கையினர். பேசத் தொடங்குமுன் மாணாக்கன் கேட்டுக் கேட்டு அடைகாக்கும் காலம் ஒன்று வேண்டும் என்பதும், செவியே மொழியின் முதல்வாயில் என்பதும் அவர் துணிபு.

இவ்விருவருள் வெஸ்றின் கருத்து ஏழை மாணாக்கர்பாற் கொண்ட பரிவினின்றும் எழுந்தது. அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆயினும், வாசிப்பு முற்றியபின் கேட்டல் தானே பின்தொடரும் என்று ஒருவர் அதிலிருந்து கொள்வாராயின் அது பிழையாகும். கண்வழிக் கற்ற சொல்லுக்கு மாணாக்கன் தன் மனத்தில் ஓர் ஒலியைத் தானே கற்பித்துக்கொள்கின்றான். அவ்வொலி பெரும்பாலும் எழுத்தைப் பின்பற்றியது. மெய்யான பேச்சொலியினின்றும் வேறானது. வாசிப்பு வளர வளரப் பிழையான ஒலிகளின் தொகையும் அவனுள்ளத்து வளர்கின்றது. பின்னொருநாள் மெய்யொலி செவியில் விழும்பொழுது அதற்கு அவனிடத்து இடமில்லை.

இனி, இக்காலத்தார் பெரிதும் எடுத்தோதும் கொள்கை, "மிகுதியாகக் கேள், கேட்கக் கேட்கத் தெளிவு பிறக்கும்" என்பதாம். 1943ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் வானொலிவழி ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தினும், ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசியும் அதனுள் அளவிறந்த ஒலிப்பதிவுகளும் உள்ள இக்காலத்தில் இவ்வறிவுரை கூறுதல் மிக எளிது. பின்பற்றுதலும் எளிதே. ஆயினும், மாதக்கணக்கிற் செய்தியறிக்கையுந் திரைப்படமுங் கேட்டும் முன்னேற்றங் காணாதார் பலர். கொட்டும் மழையிற் கவிழ்த்து வைத்த குடம் நிரம்பாதவாறு போல, பிரித்தறியும் ஆற்றல் இல்லாத செவியில் ஒலி எத்துணை பாய்ந்தாலும் உள்ளே தங்குவதில்லை. விளங்கத்தக்க மொழியைப் பெறுதலே மொழிப்பேற்றிற்கு வழி என்று 1980களில் வாதித்த ஸ்ரீபன் கிராஷனும், விளங்கத்தக்க என்னும் அடையைச் சேர்த்தே கூறினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் பெயரால் "ஏதாயினும் கேட்டுக்கொண்டிரு" என்பார் அவ்வடையை மறந்தவராவர்.

பிறிதொரு வழி வினாவிடை வழி. ஒலிப்பதிவொன்றை இசைத்து, அதன்மேல் வினாக்கள் தொடுத்து, விடைகளுக்குப் புள்ளியிடுதல் இதன் முறை. 1989ஆம் ஆண்டுமுதல் நடைபெறும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் பரீட்சையிற் கேட்டற்பகுதி நான்கு பிரிவுகளும் 40 வினாக்களும் உடையது. ஏறத்தாழ 30 நிமிடம் நிகழ்வது. ஒவ்வொரு பகுதியும் ஒருமுறையே ஒலிக்கும். பரீட்சைக்கு இம்முறை பொருந்தலாம். வகுப்பறையிலும் அதனையே பயிற்சியெனக் கொள்வதே குற்றம். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஜோன் ஃபீல்ட் இதனை நன்கு கண்டித்துள்ளார். விடை சரியாயின் ஊகத்தாற் சரியாயிற்றோ கேட்டுச் சரியாயிற்றோ என்பது தெரியாது. பிழையாயின் எவ்வொலியில், எச்சொல்லிற் பிழைத்தான் என்பதுந் தெரியாது. நோயாளியின் உடற்சூட்டை நாடோறும் அளந்து எழுதிவைத்து, மருந்து கொடாதிருக்கும் வைத்தியனை ஒத்தது இம்முறை.

அங்ஙனமாயின் தடை யாண்டுள்ளது? தமிழ் இலக்கணங் கற்றார்க்கு இதன் விடை கைக்கெட்டுந் தூரத்திலேயே உள்ளது. அது புணர்ச்சியில் உள்ளது. நிலைமொழியும் வருமொழியும் சேருங்கால் இயல்பாகவோ விகாரப்பட்டோ புணரும் என்றும், விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்றும் தமிழ் மாணாக்கன் இளவகுப்பிலேயே பயில்கின்றான். இம்மூன்றும் ஆங்கிலப் பேச்சிலும் உள. வேறுபாடு யாதெனின், தமிழர் தம் புணர்ச்சியை எழுத்திற் காட்டுகின்றனர். ஆங்கிலேயர் தம் புணர்ச்சியை எழுத்தில் மறைக்கின்றனர்.

மணியும் அடித்ததும் சேர்ந்து மணியடித்தது என யகர உடம்படுமெய் தோன்றுகின்றது. அவ்வாறே ஆங்கிலத்தில் "சீ" என்பதும் "இட்" என்பதும் சேருமிடத்துச் "சீயிட்" எனவும், "கோ" என்பதும் "அவே" என்பதும் சேருமிடத்துக் "கோவவே" எனவும் ஒலிக்கும். இங்குத் தோன்றிய யகரமும் வகரமும் எழுத்தில் இல்லை. சட்டமும் ஒழுங்கும் எனப் பொருள்படும் தொடரை இங்கிலாந்தினர் பலர் கூறுமிடத்து, "லோ" என்பதன்பின் எழுத்தில் இல்லாத ரகரம் ஒன்று தோன்றி "லோரண்ட்" என்று கேட்கும். இவை தோன்றல்.

மரம் என்பதனோடு கள் சேர மகரம் ஙகரமாகி மரங்கள் எனத் திரிகின்றது. வருமெழுத்தின் பிறப்பிடத்தை நோக்கி மூக்கொலி நகர்வதே இதன் காரணம். ஆங்கிலத்தில் "டென்" என்பதன்பின் "பென்ஸ்" வருமிடத்தும் இதுவே நிகழ்கின்றது. னகரம் இதழ்நோக்கி நகர்ந்து "டெம்பென்ஸ்" என ஒலிக்கின்றது. "டிட்" என்பதும் "யூ" என்பதும் சேர்ந்து "டிஜூ" என வருதலும் திரிதலின்பாற்படும். மாணாக்கன் "டிஜூ" என்பதோர் புதுச்சொல் என மயங்கி அகராதியைப் புரட்டுகின்றான். அது அகராதியில் இல்லை.

"லாஸ்ட்" என்பதும் "நைட்" என்பதும் சேருமிடத்து இடைநின்ற டகரம் கெட்டு "லாஸ்நைட்" என்றாகும். "டெல்" என்பதனோடு "ஹிம்" சேர, ஹகர ஒலி கெட்டு, எஞ்சிய உயிர் முன்னின்ற மெய்யின்மேலேறி "டெலிம்" என்று ஒலிக்கும். இது கெடுதல். மெய்யீற்றின்மேல் உயிர்முதல் ஏறி முடிதல் தமிழுக்கு இயல்பாதல்போல ஆங்கிலத்துக்கும் இயல்பே. ஆதலாற் சொற்களின் எல்லை எழுத்திற் காணப்படும் இடைவெளியில் இல்லை. பேச்சில் அவ்விடைவெளிகள் பெரும்பாலும் இல்லவேயில்லை.

புணர்ச்சியோடு குறுக்கமும் உடன்வருகின்றது. உகரம் தன் மாத்திரையிற் குறைந்து குற்றியலுகரமாதலும், ஐகாரம் குறுகுதலும் தமிழர்க்குப் புதியனவல்ல. ஆங்கிலத்தில் இக்குறுக்கம் பெரும்பாலும் இடைச்சொற்களையும் துணைவினைகளையும் பற்றி நிகழ்கின்றது. "அண்ட்" என்பது "ன்" என ஒடுங்கும். "ஒவ்" என்பது ஒரு சிற்றகர ஒலியாகத் தேயும். ஆகவே, ஒரு கோப்பைத் தேநீர் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் "கப்பட்டீ" என ஒன்றாய் ஒலிக்கும். இதனாற் பொருள் முற்றும் மாறுதலும் உண்டு. முடியும் என்னும் பொருளதான "கான்" வாக்கியத்தினிடையே "கன்" எனக் குறுகும். முடியாது என்பதைக் குறிக்கும் சொல் நீண்டு வன்மையாக நிற்கும். அதன் இறுதி டகரமோ அடுத்த மெய்யின்முன் பெரும்பாலுங் கேளாது. இறுதி டகரத்தையே எதிர்மறையின் அடையாளமாக எதிர்நோக்கி நிற்கும் மாணாக்கன் "ஆம்" என்பதை "இல்லை" என்றும், "இல்லை" என்பதை "ஆம்" என்றும் கொள்ள நேர்கின்றது. நோயாளியொருவனுக்கு எம்மருந்து கொடுக்கலாம், எது கொடுக்கலாகாது என்று கூறும் விரிவுரையில் இம்மயக்கம் நேரின் விளைவு யாதாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தனியொலிகளின் மயக்கமும் உண்டு. ஆயினும் அது புணர்ச்சியினும் சிறிது. முதுகு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும், பை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே வரும். வல்லெழுத்தின் இருவகை ஒலிப்புத் தமிழிற் பொருள் வேறுபடுத்துவதன்று. இவ்விரு சொற்களையும் இறுதி மெய்யைக்கொண்டு பிரிக்க முயல்வதினும், அதற்கு முன்னுள்ள உயிரைக்கொண்டு பிரித்தல் எளிது. பை என்னுஞ் சொல்லில் உயிர் சற்று நீண்டும், முதுகு என்னுஞ் சொல்லிற் குறுகியும் ஒலிக்கும். குறிலும் நெடிலும் பிரித்துணரப் பழகிய தமிழ்ச்செவிக்கு இது அரிதன்று.

ஒலிவெள்ளத்திற் சொல்லின் தொடக்கத்தைக் காண்பதற்கு ஆங்கிலமே ஓர் அடையாளத்தைத் தந்துள்ளது. அன் கட்லர், டேவிட் காட்டர் என்னும் இருவர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில உரையாடலிற் பயிலும் பொருள்நிறை சொற்களுள் 100க்கு ஏறத்தாழ 90 வன்மையுடைய அசையில் தொடங்குகின்றன. வன்மையான அசை கேட்குமிடத்துப் புதுச்சொல் தொடங்கிற்று எனக் கொள்வது ஆங்கிலேயர் தாமறியாது கைக்கொள்ளும் உத்தி. அசைகளெல்லாவற்றையும் ஒத்த அளவில் எதிர்பார்க்குந் தமிழ் மாணாக்கன், வலிந்தனவற்றைப் பற்றிக்கொண்டு மெலிந்தனவற்றைப் பின்னர் ஊகித்தறியப் பழகுவானாயின், அவன் சுமை பாதியாகும்.

இவற்றைக் கருத்திற் கொண்டு நோக்குமிடத்து, வகுப்பறைகளிற் கைக்கொள்ளப்படும் ஒரு பழக்கம் கண்டிக்கத்தக்கதாகின்றது. மாணாக்கர்பாற் கொண்ட இரக்கத்தால், ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி நிறுத்தி, மெல்ல மெல்லக் கூறுகின்றனர். அங்ஙனம் கூறுமிடத்துப் புணர்ச்சி முழுவதும் அழிந்துபோகின்றது. உடம்படுமெய் தோன்றுவதில்லை, மூக்கொலி திரிவதில்லை, இடைச்சொல் குறுகுவதில்லை. மாணாக்கன் அவ்வகுப்பில் விளங்கிக்கொள்வது, அவ்வகுப்புக்கு வெளியே எவருங் கூறாத ஓர் ஆங்கிலத்தை. இயல்பான வேகத்திற் சிறிதளவு கூறி, அதனையே பலமுறை கேட்பித்தல் வேகத்தைக் குறைத்து மிகுதியாகக் கூறுதலினும் நன்று.

இதற்கு முன்மாதிரியை அயல்நாட்டிற் தேடவேண்டுவதில்லை, புராணபடனமே போதியது. அங்கு வாசிப்பவர் செய்யுளைச் சீரும் ஓசையுங் கெடாது முழுமையாக வாசிக்கின்றார். பின்னர்ப் பயன் சொல்பவர் புணர்ந்து நின்ற சொற்களைப் பிரித்துப் பொருள் விரிக்கின்றார். கேட்போர் முதலிற் சேர்ந்த ஓசையையும், பின்னர்ப் பிரிந்த சொல்லையும் பொருளையும் பெறுகின்றனர். ஆண்டுதோறும் அதே புராணம் வாசிக்கப்படுதலின், பிரித்தறிந்த அச்செய்யுளை மீண்டுஞ் சேர்ந்த ஓசையிலேயே கேட்குந்தோறும், பிரிப்பார் இன்றியே பொருள் செவியிற் படுகின்றது. ஒருமுறை கேட்டவன் இருமுறை கேட்டால் நூலிற் பிழைபடமாட்டான் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கவும் வல்லவனாவான் என்றும் நன்னூலார் கருதியதும் இக்காரணம் பற்றியேயாம்.

இம்முறையை ஆங்கிலத்துக்கு ஏற்றுமாறு எளிது. ஒரு நிமிடத்துக்கு மேற்படாத ஒலிப்பதிவொன்றை ஆசிரியர் தெரிந்துகொள்க. முதன்முறை மாணாக்கர் எழுதாது கேட்டு, பேசப்படும் பொருள் யாதென்பதை மாத்திரங் கூறட்டும். இரண்டாம்முறை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணச் செய்து, கேட்டவாறே எழுதுவிக்க. ஐந்து சொல் உள்ளவிடத்து மூன்றென எண்ணியவன், புணர்ச்சி நிகழ்ந்த இடத்தைத் தானே கண்டுகொள்கின்றான். மூன்றாவதாக எழுத்துவடிவத்தைக் கையிற் கொடுத்து, எழுத்துக்கும் ஒலிக்கும் வேறுபாடு எவ்விடத்து, எவ்விகாரத்தால் நேர்ந்தது என்று பெயரிட்டுக் காட்டுக. ஈற்றில் எழுத்தை மறைத்துவிட்டு மீண்டுங் கேட்பிக்க. இந்நான்காவது படியைப் பலர் நேரமின்மையால் விட்டுவிடுகின்றனர். செவி பழகுவதோ இப்படியிலேயே.

சொல்வதெழுதல் பழைய முறையென இகழ்வாரும் உளர். 1913ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளர்க்கு முதன்முதல் நடாத்திய ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் அஃது ஓர் அங்கமாயிருந்தது. பின்னர் அதன் மதிப்புக் குறைந்தமைக்குக் காரணம், எழுத்துக்கூட்டற் பிழையை எண்ணும் கருவியாக அதனைச் சுருக்கிக்கொண்டமையே. செவி எவ்விடத்துத் தவறிற்று என்பதை வெளிப்படுத்தும் ஆடியாக அதனைக் கொள்வார்க்கு, அதனிற் சிறந்த கருவி பிறிதில்லை.

திரைப்படங்களின் கீழ்த் தோன்றும் எழுத்துரை பற்றியும் ஒருசொல் கூறல்வேண்டும். நெதர்லாந்தின் நிமேகன் நகர் ஆய்வாளரான மிற்றரர், மக்குவீன் என்போர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஸ்கொத்லாந்து, அவுஸ்திரேலிய உச்சரிப்புடைய படங்களை டச்சுமொழி மாணாக்கர் பார்த்தனர். ஆங்கில எழுத்துரையுடன் பார்த்தோர் பின்னர் அவ்வுச்சரிப்பிலமைந்த புதிய வாக்கியங்களை நன்கு கேட்டறிந்தனர். டச்சு எழுத்துரையுடன் பார்த்தோர்க்கு அது புதிய வாக்கியங்களில் இடையூறாகவே முடிந்தது. தமிழ் எழுத்துரையுடன் ஆங்கிலப் படம் பார்ப்பவன் கதையைப் பெறுகின்றான். செவிப்பயிற்சியைப் பெறுவானென்று எதிர்பார்த்தற்கில்லை. ஆங்கில எழுத்துரையுடன் ஒரு காட்சியைப் பார்த்து, பின்னர் அஃதின்றி அதே காட்சியைக் கேட்பவன் இரண்டையும் பெறலாம்.

இதுகாறுங் கூறியவற்றுக்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். இலங்கை விரிவுரையாளர் பேசும் ஆங்கிலம் இலண்டன் ஆங்கிலமன்று. இங்கு இடைச்சொற்கள் அத்துணைக் குறுகுவதில்லை. அசைகளும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய் ஒலிக்கின்றன. ஆதலின் இங்கிலாந்தின் புணர்ச்சியை இவ்வளவு வருந்திக் கற்பதேன் என்பதே அத்தடை. இதில் உண்மை உண்டு. தொடக்கப் பயிற்சிக்கு நம்நாட்டார் பேச்சைப் பதிவுசெய்து வழங்குதல் அறிவுடைமையாம். அந்நிய உச்சரிப்பே உயர்ந்ததென்னும் மயக்கமும் அதனால் நீங்கும். ஆயினும், விரைந்து பேசும் எவர் வாயிலுஞ் சொற்கள் புணராது நிற்பதில்லை. மேலும், இன்றைய மாணாக்கன் கேட்கவேண்டிய ஆங்கிலம் ஒரு நாட்டினதன்று. இலங்கையருடையதில் தொடங்கி இந்தியர், ஆங்கிலேயர், அமெரிக்கர் எனப் படிப்படியாக விரிதல் அவனுக்கு இன்றியமையாதது.

இச்சீர்திருத்தத்திற்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. ஓர் ஒலிப்பதிவும், அதனை ஒலிக்கும் சிறு கருவியும், கிழமைக்கு இரு பாடவேளையும் போதும். வேண்டுவதெல்லாம், ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் அளவளாவி ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிதலேயாம். தமிழ் வகுப்பிற் புணரியல் கற்ற மாணாக்கன், அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்பில் அமரும்பொழுது, கையிலுள்ள திறவுகோலை வாயிலில் எறிந்துவிட்டு வெறுங்கையனாய் உள்ளே செல்கின்றான். அத்திறவுகோல் இக்கதவையுந் திறக்கும் என்று சொல்வார் ஒருவர் இருப்பின், பல்கலைக்கழக மண்டபத்திலே தலைகுனிந்திருக்கும் கிராமத்து மாணாக்கன் தன் அறிவிற் குறைவில்லை என்பதையும், தன் செவி பழகவேண்டியதே எஞ்சியுள்ளது என்பதையும் உணர்ந்து தலைநிமிர்வான்.